ஃபைல் இல்லாத பாதை

எனக்கு இந்தப் பூமியில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கொல்லைகள் எல்லாம் எனக்கு வரப்பு வரப்பாகத் தெரியும். எந்தக் கொல்லைக்குக் கிழக்கே யார், யாருக்குத் தெற்கே எந்தக் கிணறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உழுது தெரிந்துகொண்டது அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பழைய கம்ப்யூட்டரின் என்டர் பொத்தானைத் தட்டித் தட்டித் தெரிந்துகொண்டது.

இப்போது எல்லோரும் கைப்பேசியில் பட்டா பார்க்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். அப்போது கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள், சளி பிடித்துவிடும் என்பதுபோல அதற்குத் துண்டு போர்த்தி வைத்திருந்தார்கள்.

நான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் கால். பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து மணல் குவியலில் விழுந்தேன். பக்கத்துக் குவியல் ஜல்லி. மேஸ்திரி மணலைக் கும்பிடச் சொன்னார், கும்பிட்டேன். கட்டுப் பிரித்த பிறகும் கால் பழையபடி ஆகவில்லை. கூட வேலை செய்த ஒருவர், "எங்கூட்டுக்குப் போ. மாட்டுக் கொட்டாய்ல எடம் கீது. எம் பொண்டாட்டி கஞ்சி ஊத்துவா" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டார். என் சொந்த ஊர் களமருதூர்ப் பக்கம். ஒன்பதாவது பாதியில் அங்கிருந்து கிளம்பியவன்தான். கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், கேரளாவில் மிளகு பறித்தேன், செங்கல் சூளையில் ஒரு வெயில் காலத்தை ஓட்டினேன். களமருதூரில் எனக்காகக் கஞ்சி வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. ஆகவே நண்பர் காட்டிய கொட்டகைக்குப் போனேன். ஒரு பக்கம் மாடுகள் இரண்டு, மறு பக்கம் நான். மாடுகள் என்னை எதுவும் கேட்கவில்லை.

நண்பரின் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னைப் பெரும்பாலும் "நொண்டித் தம்பி" என்று கூப்பிட்டாள். கோபமோ பரிதாபமோ அதில் இல்லை. ஊரில் எனக்கு வேறு அடையாளம் இல்லை, அவ்வளவுதான். அவள் வீடு காலனியில் இருந்தது. அங்கிருந்த எல்லோரையும் போலக் கூலிக்குத்தான் போனாள் என்றாலும் வீட்டை நடத்தியவை அந்த இரண்டு கறவை மாடுகள்தான்.

பால் சொசைட்டி தார்ச்சாலையில் இருந்தது. ஊர்த் தெருக்காரர்கள் பாலைத் தூக்கில் கொண்டுவந்து ஊற்றினால் வாங்கிக்கொள்வார்கள். காலனிக்காரர்கள் தூக்கில் கொண்டுவந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார்கள். அதனால் காலனி மாடுகள் தாங்களே நடந்து வந்து, சொசைட்டி வாசலில் எல்லோர் கண் முன்னாலும் கறந்துகாட்ட வேண்டும். பொழுது நன்றாக ஏறுவதற்குள் வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் மாடுகள் போய்ச் சேர வேண்டும். காலனியிலிருந்து தார்ச்சாலைக்கு, இரண்டு கொல்லைகளுக்கு நடுவே ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதை இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மாடுகள் போய்ச் சேரும்போது சொசைட்டியில் ஈ மட்டும் இருக்கும்.

நான் சும்மா படுத்திருப்பதைப் பார்த்துச் சலித்த அக்கா, கள்ளக்குறிச்சியில் சார்பதிவாளர் ஆபீஸ் தெருவில் ஒரு பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கேட்கச் சொன்னாள். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கும் என்பது அவள் கணக்கு. அவரை எல்லோரும் ரைட்டர் என்றார்கள். அவர் கடையின் மூலையில் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மூடப்போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து, மேசை தேவைப்பட்டு வாங்கப்போனவர், மேசையோடு சேர்த்து அதையும் கொண்டுவந்துவிட்டார்.

"இத ஆன் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார்.

பெங்களூரில் கட்டட வேலைக்கு முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாட்ச்மேனாக இருந்தேன். தூசி துடைக்கிற சாக்கில் பையன்கள் செய்வதை எல்லாம் நானும் செய்து பார்த்திருக்கிறேன். போய் ஆன் செய்தேன். திரை விழித்துக்கொண்டது. எனக்கு நடந்த நேர்காணல் அதுதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் சென்டர்காரர் விட்டுவிட்டுப் போன ஒரு புரோகிராம் இருந்தது. படம் கிடையாது, நிறம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வெறும் எழுத்து ஃபைல்களைத்தான் அது திறக்கும். ஆனால் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைலின் பெயரை இரண்டு குறிகளுக்கு நடுவே எழுதிவிட்டால் அந்தச் சொல் பளிச்சென்று தெரியும். அம்புக்குறிப் பொத்தானால் அதன் மேல் போய் நின்று என்டர் தட்டினால் அந்த இன்னொரு ஃபைல் திறந்துகொள்ளும். அதற்குள்ளிருந்து வேறொன்றுக்குப் போகலாம். திரும்பி வர வேண்டுமென்றால் அந்த ஃபைலிலும் இதன் பெயரை எழுதியிருக்க வேண்டும். இப்படிப் பெயரை மாட்டிவிடுவதற்கு நான் கொக்கி என்று பெயர் வைத்தேன். கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்கிற ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதை வைத்து என்ன செய்வது என்று ரைட்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் அவர் பழைய பத்திர நகல் ஒன்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் பத்திரத்திலும் கடைசியில் வருகிற பகுதி அது: இன்னார் கொல்லைக்குக் கிழக்கு, இன்னார் கொல்லைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இந்த நான்கு எல்லைக்கு மத்தியில் உள்ள நிலம். படிக்கும்போதே எனக்குத் தோன்றியது. ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்று அந்த நிலம் தானாகச் சொல்வதே இல்லை. பக்கத்தில் இருக்கிற நான்கு பேர்தான் சொல்கிறார்கள். அந்த நான்கு பேருக்கும் கொக்கி போட்டால் என்ன?

போட்டேன். ஒரு நிலத்துக்கு ஒரு ஃபைல். ஃபைலுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது. சர்வே எண்ணுக்கு அது தாராளம். தமிழ் எழுத்து அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே 'கிழக்கு' 'மேற்கு' எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன். லாரிப் பலகைகளைப் படித்துப் படித்து எனக்கு அந்த எழுத்து பழக்கம். ரைட்டரின் இரும்புப் பெட்டியில் அவர் அப்பா காலத்திலிருந்து சேர்ந்த நகல்கள் இருந்தன. ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு முடித்தேன். அது அக்காவின் கிராமமாக அமைந்தது தற்செயல் இல்லை. அந்தக் கட்டு மேலே இருந்தது. நொண்டிக் காலோடு குனிய எனக்கு விருப்பமில்லை.

ரைட்டருக்குத் தலைகால் புரியவில்லை. நிலம் வாங்க வருகிறவர்களிடம், "நில்லுங்க, கம்ப்யூட்டர்ல பாத்துடலாம்" என்பார். நான் துண்டை எடுப்பேன். நான் தட்டத் தட்ட, ஒரு கொல்லையிலிருந்து கிழக்கே, அங்கிருந்து தெற்கே என்று திரை மாறும். திரையில் இருப்பது அவர்களுக்குப் புரியாததால் நான் உரக்கப் படிப்பேன். அவர்கள் கோயிலில் மந்திரம் கேட்பதுபோல நிற்பார்கள். ஒன்று கவனித்தேன்: தன் நிலத்தைப் பார்க்க வந்த யாரும் தன் நிலத்தோடு நிற்கவில்லை. "அப்படியே பக்கத்துல போப்பா. அவன் எவ்ளோ வச்சிக்கினு கீறான் பாக்கலாம்" என்பார்கள்.

ஒருமுறை ரைட்டர் என்னைக் கல்வராயன் மலைக்கு அனுப்பினார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டும், பழைய நகல் எதுவும் இல்லை, நேரில் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். கச்சிராயபாளையம் தாண்டிப் பஸ் மலையேறி, இறங்கி, மீதியை நடந்து போனேன். நான்கு எல்லை கேட்டதற்குப் பெரியவர் கையை நீட்டிச் சொன்னார்: வடக்கே பலாமரம், கிழக்கே ஓடை, தெற்கே பாறை, மேற்கே எங்க சாமி. திரும்பி வந்து நான்குக்கும் தனித்தனியே ஃபைல் போட்டேன்.

"பலாமரத்துக்கு இன்னாடா நாலெல்லை?" என்று ரைட்டர் சிரித்தார்.

"கிழக்கால ஓடை. மத்தது கேக்கலீங்க."

"போய்க் கேட்டுக்கினு வா. மரத்தையே கேளு."

இந்த நிலையில்தான் சேலத்துப் பக்கமிருந்து ஜவ்வரிசி மில் வைத்திருக்கிற ஒருவர் வந்தார். நம் பக்கத்து மரவள்ளியை இங்கேயே அரைத்து இங்கேயே காயவைத்தால் லாபம் என்று கணக்குப் போட்டிருந்தார். காயவைக்கச் சிமெண்ட் களம் வேண்டும். பெரிய களம், ஒரே துண்டாக. அக்கா கிராமத்தில் தார்ச்சாலை ஓரம் இரண்டு கொல்லைகள் விலைக்கு இருந்தன. மேற்குக் கொல்லைக்காரரும் கிழக்குக் கொல்லைக்காரரும் பங்காளிகள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவர் விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் மற்றவரும் விற்க வந்துவிட்டார்.

"ரெண்டும் ஒட்டினாப்பல இருக்குதா? நடுவுல எதுவும் இருக்கக்கூடாது" என்றார் மில்காரர்.

"கம்ப்யூட்டர்ல பாத்துடலாம்" என்றார் ரைட்டர்.

மேற்குக் கொல்லையைத் திறந்தேன். கிழக்கே என்பதில் நின்று என்டர் தட்டினேன். கிழக்குக் கொல்லை திறந்தது. அதில் மேற்கே என்பதைத் தட்டினேன். மேற்குக் கொல்லைக்கே வந்து சேர்ந்தேன். இருட்டில் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு மூன்று முறை போய் வந்தேன்.

"நடுவுல ஒண்ணும் இல்லீங்க. ஒட்டிக்கினுதான் இருக்குது" என்று ரைட்டர் முடித்தார். மில்காரர் திருப்தியாகக் கிளம்பினார்.

அவர் போன பிறகு நான் சொன்னேன். "ஐயா, நடுவுல பாதை இருக்குது. காலையில அதுல நடந்துதான் நான் பஸ் ஏறுறேன்."

"நீ நடக்கறது வேற. எல்லையில எழுதியிருக்குதா?"

"இல்லீங்க."

"எழுத மாட்டாங்க" என்றார். பிறகு, தொழில் ரகசியத்தைச் சொல்கிறவராக இல்லாமல், ஊர் அறிந்த விஷயத்தைச் சொல்கிறவராகச் சொன்னார். "எல்லைன்னா வாய்விட்டுச் சொல்றாப்பல ஒரு பேரு இருக்கணும். எங்கொல்லைக்கு மேக்கால காலனிப் பாதைன்னு எவனாவது எழுதச் சொல்வானா? மானம் போயிடும். எங்கப்பா காலத்துலயே பாதையத் தாண்டி அடுத்த கொல்லக்காரன் பேரத்தான் எழுதுவாங்க. இவனும் அப்படி எழுதினான், அவனும் அப்படி எழுதினான்."

"அப்ப பாதை?"

"அது பாட்டுக்குக் கீது. யாரும் குடுக்கல, யாரும் தடுக்கல. எழுதாததாலதான் இத்தினி நாளு நடந்தீங்க."

மலையில் ஒரு பலாமரத்துக்கு ஃபைல் போட்டிருந்தேன். இங்கே ஒரு தெருவே தினமும் நடக்கிற இடத்துக்கு ஃபைல் இல்லை. நானும்தான் அந்தப் பாதையில் நடந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அது இல்லாத ஊரைத் தட்டி முடித்திருக்கிறேன்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன். சாணம் அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"களம் போட்டா பாதை?"

"களத்துக்குள்ள போயிடும்."

"மாடு?"

"ஏரிக்கரை சுத்திக்கினு போவணும்."

"ஏரிக்கரை சுத்திக்கினு போனா சொசைட்டியில எவன் குந்திக்கினு கீறான்? ரெண்டு மாட்டையும் வித்துட்டு உன்னாட்டம் கொட்டாய்ல படுத்துக்க வேண்டியதுதான்" என்றாள். கூடையை இறக்கி வைத்தாள். "ஏன்டா, எல்லாத்தையும் அந்தப் பொட்டியில ஏத்தறியே. பாதையையும் ஏத்து. ஏத்துனா இன்னா கொறஞ்சிடும்?"

மறுநாள் ரைட்டரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பக்கத்தையும் சிரித்தமுகமாக அனுப்பிவைப்பதுதான் அவர் தொழில். அந்தத் தொழில் புத்தியோடு யோசித்துவிட்டுச் சொன்னார்: "போடு. ஃபைல் போட்டுக்க. ஆனா கொல்லைலேர்ந்து அதுக்குக் கொக்கி போடாத."

அதாவது பாதைக்கு ஃபைல் இருக்கலாம். அந்த ஃபைலுக்குப் போகத்தான் பாதை இருக்கக்கூடாது. ஊர் மூன்று தலைமுறையாகச் செய்ததையே அவர் கம்ப்யூட்டரிலும் செய்யச் சொன்னார். நான் சொன்னபடி செய்தேன். பாதைக்கு ஒரு ஃபைல் போட்டேன். நிலம் என்றால் நான்கு எல்லை எழுத வேண்டும் என்பது வழக்கம் ஆகிவிட்டதால், மேற்கே மேற்குக் கொல்லை, கிழக்கே கிழக்குக் கொல்லை, வடக்கே காலனி, தெற்கே தார்ச்சாலை என்று எழுதினேன். அவற்றுக்குக் கொக்கியும் போட்டேன். வெளியே போகிற கொக்கியைப் பற்றி ரைட்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அக்காவுக்குச் செய்தி சொன்னதும் சும்மா இருக்க முடியவில்லை. சொசைட்டியிலிருந்து மாடுகளை ஓட்டிவந்து கட்டிவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டாள். அவள் வந்த நேரம் மில்காரரும் உட்கார்ந்திருந்தார். முன்பணப் பத்திரம் பேச வந்திருந்தார்.

"எங்க பாதையை ஏத்திட்டேன்னியே. காட்டு பாக்கலாம்" என்றாள், கடை வாசலிலிருந்தே.

மில்காரர் திரும்பினார். "என்ன பாதை?"

"அது சும்மாங்க" என்றார் ரைட்டர். "பையன் வெளயாட்டுக்குப் போட்டு வச்சிருக்கறான்."

எனக்கு அப்போது இருபத்தைந்துக்கு மேல். ஆனால் தர்மசங்கடமான நேரங்களில் எல்லோரும் என்னைப் பையன் ஆக்கிவிடுவார்கள்.

"வெளயாட்டையும்தான் காட்டட்டுமே" என்றார் மில்காரர்.

ஃபைலின் பெயரை நேராகத் தட்டித் திறந்தேன். நான்கு எல்லையையும் படித்தேன். தன் பாதையின் நான்கு எல்லையைக் கேட்ட அக்காவின் முகத்தில் கோயிலில் மந்திரம் கேட்கிற பாவனை வரவில்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பாவனைதான் வந்தது.

"சரி, இப்ப மேற்குக் கொல்லக்காரரு நெலத்துலேர்ந்து வா. நடந்து வராப்பல வா" என்றாள்.

மேற்குக் கொல்லையைத் திறந்தேன். கிழக்கே என்பதைத் தட்டினேன். கிழக்குக் கொல்லை வந்து நின்றது.

"எங்கடா பாதை?"

"அது... தாண்டிடுச்சிக்கா."

"தாண்டிக்கினு போவுதா?" அவள் ரைட்டரைப் பார்த்தாள். "நல்லாருக்குங்க. எங்காளுங்க கொல்லையில வேல செஞ்சா ஊர்த் தெருக்காரங்க பாக்காதமேரி தாண்டிக்கினு போவாங்களே, உங்க பொட்டியும் அதயே கத்துக்கிச்சா?"

ரைட்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார். ஆனால் மில்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இயந்திரம் ஓட்டிப் பழகிய ஆள். அக்காவின் நியாயத்தில் அவருக்கு அக்கறை இல்லை. பெட்டி சொன்னதில் ஏதோ பல் பொருந்தவில்லை என்பதில்தான் அக்கறை.

"பாதையிலிருந்து மேற்கே போ" என்றார். தட்டினேன். மேற்குக் கொல்லை.

"திரும்பப் பாதைக்கு வா."

"வர முடியாதுங்க. கொக்கி இல்ல."

"போக முடியுது, வர முடியலன்னா ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்?"

மில்காரர் எழுந்தார். "நேர்ல அளந்துடலாம். காலையில வரேன். ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் கொல்லையில் கூடினோம். ரைட்டர், மில்காரர், அவர் கூட்டிவந்த அளவு ஆள், நான். பங்காளிகள் இருவரும் அவரவர் வரப்பில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அளவு ஆள் மேற்கேயிருந்து டேப் பிடித்தார். மேற்குக் கொல்லைக்காரரின் பத்திரத்தில் சொன்ன நீளம் அவர் வரப்போடு முடிந்தது. பிறகு கிழக்கேயிருந்து பிடித்தார். அந்தப் பத்திரத்தின் நீளமும் அந்த வரப்போடு முடிந்தது. நடுவில் பாதை மிச்சம் நின்றது. மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்துத் வாய்க்கால்போலக் குழிந்த மண். இரண்டு பத்திரமும் தாண்டிப் போன இடம் அதுதான்.

"இது யாருது?" என்றார் மில்காரர். "யாருதுன்னு சொன்னாலும் சேத்து வாங்கிக்கறேன். எனக்குக் களம் ஒரே துண்டா வேணும்."

"எங்களுதுதான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து" என்றார் மேற்குக் கொல்லைக்காரர்.

"யாரு தாத்தா? எங்க வரப்ப வருசா வருசம் ஏரோட்டித் தின்னாரே, அந்தத் தாத்தாவா?" என்றார் கிழக்குக் கொல்லைக்காரர், காற்றைப் பார்த்து.

"ரைட்டரே, அவனக் கம்முனு இருக்கச் சொல்லுங்க."

"மொதல்ல அவன வாய மூடச் சொல்லுங்க ரைட்டரே."

இருவரும் ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டு ரைட்டர் வழியாகப் பேசினார்கள். ரைட்டர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். மில்காரர் பொறுமை இழந்து, பாதியை அவருக்கும் பாதியை இவருக்கும் எழுதிவிடலாம் என்றார். அங்கேதான் காரியம் கெட்டது.

"அவங்கூட நான் பாதியா? பாகம் பிரிச்சப்ப வாங்கின பாதி போதும்."

"இவனுக்குப் பாதி குடுக்கறதுக்கு அது காலனிப் பாதையாவே கெடந்துட்டுப் போவட்டும்" என்றார் கிழக்குக் கொல்லைக்காரர்.

"ஆமா, கெடந்துட்டுப் போவட்டும்" என்றார் மேற்குக் கொல்லைக்காரர். பல வருஷங்களில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாக இருக்கும்.

அதே நேரத்துக்கு வடக்கேயிருந்து அக்கா மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். சண்டை போட வரவில்லை, சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது. டேப் பாதைக்குக் குறுக்கே கிடந்தது.

"டேப்பத் தூக்குங்க. வண்டி வந்துடும்" என்றாள்.

அளவு ஆள் டேப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். கறுப்பு மாடு சினை. இரண்டு வரப்பையும் வயிற்றால் உரசிக்கொண்டு நுழைந்தது. மில்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதில் களம் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. இனி அதை எவ்வளவு குறைவாகப் பிளக்கலாம் என்பதுதான் அவர் யோசனை.

"ரெண்டடி விட்டாப் போதும்ல? ஆள் நடக்க?"

அக்கா நின்றாள். "ஆளு நடக்க ரெண்டடி. மாடு நடக்க? எம் மாட்ட அளந்துக்குங்க. சினையோட அளங்க. சும்மா மாட்ட அளந்துட்டு அப்பறம் பத்தலன்னா நான் இன்னா செய்றது?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அளவு ஆள் குனிந்து, அந்தக் கறுப்பு மாட்டின் வயிற்றின் குறுக்கே டேப்பைப் பிடித்தார். மாடு வாலால் அவர் முகத்தில் ஒன்று வைத்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் சேர்த்துப் பாதையின் அகலம் முடிவாயிற்று. என் அனுபவத்தில் ஒரு பத்திரத்துக்காக அளக்கப்பட்ட ஒரே மாடு அதுதான்.

பத்திரம் எழுதும் நாளில் எல்லையில் என்ன சொல் போடுவது என்று மறுபடி பேச்சு வந்தது. காலனிப் பாதை என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று பங்காளிகள் இருவரும் ரைட்டர் வழியாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரைட்டர் பேனாவைக் கடித்தார். பிறகு "கறவை மாடு போகும் பாதைக்கு மேற்கு" என்று ஒரு பத்திரத்தில் எழுதினார். மற்றதில் "கறவை மாடு போகும் பாதைக்குக் கிழக்கு." எல்லோருக்கும் திருப்தி. அந்தப் பாதையில் மாடு போகும் என்பதைப் பத்திரம் ஒத்துக்கொண்டுவிட்டது. மாட்டுக்குப் பின்னால் யார் போகிறார்கள் என்று அது கேட்கவில்லை.

அக்காவிடம் சங்கடத்தோடு சொன்னேன்.

"மாடு யாருது?" என்றாள்.

"உன்னுது."

"அப்பறம் இன்னா? மாட்டுப் பேர்ல இருந்தா நல்லதுதான். மாடு கையெழுத்துப் போட்டு விக்காது."

நான் இரண்டு கொல்லை ஃபைல்களையும் திறந்து, கொக்கியை மாற்றிப் போட்டேன். இப்போது மேற்கிலிருந்து கிழக்கே தட்டினால் முதலில் பாதை வரும். இன்னொரு முறை தட்டினால்தான் அடுத்த கொல்லை. மில்காரர் ஒருமுறை தட்டச் சொல்லிப் பார்த்தார். ஜவ்வரிசி மில்லும் லாரிகளும் வைத்திருக்கிற மனிதர், தன் நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு மாட்டை முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போனார்.

களம் இரண்டாகவே வந்தது. பாதைக்கு இரு பக்கமும் கல் கால் நட்டுக் கம்பி கட்டினார்கள். அளந்த அகலத்தை மில்காரர் ஒரு விரல்கூடக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. ஒரு களத்தில் ஜவ்வரிசி காய்ந்தது. இன்னொன்றில், மரவள்ளியை அரைத்த பிறகு மிஞ்சுகிற திப்பி காய்ந்தது. திப்பி மாட்டுக்குத் தீனி. அது மில்காரருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எங்கள் எல்லோரையும்விட மாடுகளுக்கு நன்றாகத் தெரியும். கம்பிக்கு இடையே கழுத்தை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அது மலைபோலக் குவிந்து கிடந்தது.

நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் பாதையில் எனக்கு முன்னால் அக்கா மாடுகளோடு போய்க்கொண்டிருந்தாள். போய்க்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது; நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு மாடு கம்பிக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்க மறுத்தது. பின்னால் இருந்த சிவப்பு மாட்டுக்கு வழி இல்லை. சிவப்பு மாட்டுக்குப் பின்னால் எனக்கு வழி இல்லை. அந்த அகலத்தில் ஒரு மாட்டைத் தாண்டி இன்னொரு உயிர் போக முடியாது.

"நவுரு, சனியனே! பாதை கெடச்சும் சொசைட்டி போவ வுட மாட்டியா?" என்று கயிற்றைப் பிடித்து இழுத்தாள். தார்ச்சாலையில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. "டேய் நொண்டித் தம்பி, அங்க நின்னுக்கினு இன்னா வேடிக்க பாக்குற? வாலப் பிடிச்சி முறுக்கு!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாலைப் பிடித்து முறுக்கினேன்.